மெல்பர்னில் இருக்கும் அண்ணன்

ஸைஃப் பேசி முடிப்பதற்கு முன்பே இரஞ்சிதத்துக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் அவனை அவள் உள்ளே கூப்பிடவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. தெம்பனிஸில் இரஞ்சிதத்தின் அடுக்குமாடி வீட்டு இரும்புக் கிராதிக்கு வெளியே அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. இந்தச் சந்திப்புக்காகவே அதைப் போட்டுக்கொண்டு வந்தவன்போலத் தெரிந்தான்.

"ஆண்டி, நான் தர்ஷனாவோட யூனிவர்சிட்டில படிக்கிறேன். ஸைஃப்."

"அவ தூங்குறா."

"தெரியும் ஆண்டி. இப்பல்லாம் பகல்லதான் தூங்குறா. நான் உங்களைத்தான் பார்க்க வந்தேன்." கைப்பேசியை எடுத்தான். "தப்பா நினைச்சுக்காதீங்க. வரிசையா எழுதி வச்சிருக்கேன். இல்லன்னா பதட்டத்துல மறந்துடுவேன்."

அவன் படிக்கத் தொடங்கினான். ஜனவரியிலிருந்து தர்ஷனா வகுப்புகளுக்குச் சரியாக வருவதில்லை. யாரோடும் சண்டை இல்லை, ஆனால் குழு வேலையிலிருந்து விலகிவிட்டாள். இரண்டு வாரமாக ஒரே சாம்பல் நிறச் சட்டை. தலை குளிப்பதில்லை. யாரும் எதுவும் சொல்லாதபோது தனக்குள் சிரிக்கிறாள். எல்லாரும் சிரிக்கும்போது முகம் மரம்போல இருக்கிறது. போன வாரம் ரயிலில் அறிவிப்பு வந்தபோது, அது தன்னைத்தான் சொல்கிறது என்று பாதி வழியிலேயே இறங்கிவிட்டாள்.

"பேச ஆரம்பிச்சா பாதில வேற எங்கயோ போயிடுறா ஆண்டி. முன்னாடி டிபேட்ல அவகிட்ட யாரும் நிக்க முடியாது. இப்ப அவ சொல்றதே புரிய மாட்டேங்குது. கேம்பஸ் கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிட்டா. நீங்க சொன்னா கேப்பா. சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டுங்க, ப்ளீஸ்."

இரஞ்சிதம் கிராதியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"உங்க அப்பா என்ன பண்றாரு?"

"டன்லப் ஸ்ட்ரீட்ல துணிக்கடை ஆண்டி."

"எத்தனை நாளா என் பிள்ளை பின்னால சுத்துற?"

பையனின் காதுமடல் சிவந்தது. "ஆண்டி, அப்படியெல்லாம் இல்ல…"

அவள் மரக்கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் நின்றபடி, மின்தூக்கி வந்து அவன் இறங்கிப் போகும் சத்தம் கேட்கும்வரை அசையவில்லை.

அவள் முட்டாள் அல்ல. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். எதிரில் உட்காருகிறவன் எதை மறைக்கிறான் என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள் என்று அலுவலகத்தில் பெயர். அந்தப் பையன் சொன்ன ஒவ்வொன்றையும் அவளே பார்த்திருந்தாள். அதற்கு மேலும் பார்த்திருந்தாள். மகள் மடிக்கணினியின் கேமராக் கண்ணில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். தாய் வைத்த சோற்றைத் தொடாமல், தானே கடையில் வாங்கிய சீல் உடைக்காத பாக்கெட்டுகளை மட்டும் சாப்பிட்டாள். ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்து, யாருக்கோ காது கொடுப்பதுபோலத் தலையைச் சாய்த்தாள்.

அந்தத் தலைச் சாய்ப்பை இரஞ்சிதம் பன்னிரண்டு வயதிலேயே பார்த்தாயிற்று.

அப்போது குவீன்ஸ்டவுனில் இருந்தார்கள். அப்பா அரசாங்க குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், படிப்பைத் தவிர வேறு சொத்தில்லை என்று பெருமைப்படுகிற குடும்பம். அந்தப் பெருமைக்கெல்லாம் வாரிசு அண்ணன் தில்லைநாதன். கட்டாய ராணுவப் பணியான நேஷனல் சர்வீஸை முடித்துவிட்டு மருத்துவம் படிக்கப் போகவேண்டியவன். இருபத்தொரு வயதில் அவன் குளிப்பதை நிறுத்தினான். பக்கத்து வீட்டு வானொலி தன்னைப் பற்றிச் செய்தி வாசிக்கிறது என்றான். கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, தங்கச்சியிடம், "நீ கேக்கலையா?" என்றான். அவள் கேட்கவில்லை என்றாள். "நல்லது. உன்னை விட்டுட்டாங்க" என்றான்.

ஒரு வருடம் அப்பா அவனை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அது முடியாமல் போன நாளில் ஆம்புலன்ஸ் வந்தது. அடுத்த வாரமே கோயிலில் கேட்டவர்களுக்கு அப்பா சொன்னார், "தில்லை மெல்பர்னுக்குப் படிக்கப் போயிட்டான்."

அப்பா தாழ்ந்த குரலில், ஆனால் கண்ணை நேராகப் பார்த்து அதைச் சொன்னார். ஊர் நம்பியது. நாளாக நாளாக வீட்டிலும் அப்படியே பேசிக்கொண்டார்கள். தில்லைக்குப் பரீட்சை முடிந்தது, தில்லைக்கு வேலை கிடைத்தது, தில்லைக்கு லீவு கிடைக்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு அப்பாவும் அம்மாவும் இரண்டு பஸ் மாறி மனநல மருத்துவமனையில் அவனைப் பார்த்துவிட்டு வருவார்கள். இரஞ்சிதத்தைக் கூட்டிப்போனதில்லை. அவளும் கேட்டதில்லை.

கேசவன் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது தமையன் எங்கே என்று கேட்டார்கள். அப்பா வாய் திறப்பதற்கு முன்னால் இரஞ்சிதமே சொன்னாள், "அண்ணா மெல்பர்ன்ல இருக்காரு." அப்பா அவளைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. அவர் வாழ்நாளில் அவளை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தில்லைநாதன் நாற்பத்திரண்டாம் வயதில் நிமோனியாவில் இறந்தான். மண்டாய் சுடுகாட்டில் நாலு பேரை வைத்து எரித்தார்கள். அப்போது தர்ஷனா இரஞ்சிதத்தின் வயிற்றில் ஏழு மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி வரக்கூடாது என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். இரஞ்சிதம் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, பல் வலி என்று கேசவனிடம் சொன்னாள். அவர் ஓடிப்போய்க் கிராம்புத் தைலம் வாங்கிவந்தார். வலிக்காத பல்லில் அதைத் தடவிக்கொண்டு அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தாள்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, கதவுக்குப் பின்னால் நின்றபோது, அவளுக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, அண்ணனுக்கு வந்தது மகளுக்கும் வந்திருக்கிறது. மற்றது, மகள் ஒரு முஸ்லிம் பையனைக் காதலிக்கிறாள், அதனால் மனம் கெட்டுக் கிடக்கிறாள். காதல் என்றால் அதட்டலாம், அழலாம், கோயிலில் வேண்டிக்கொள்ளலாம், பிரித்துவிடலாம். அதற்கு ஒரு முடிவு உண்டு. மற்றதற்கு என்ன முடிவு என்று அவளுக்குத் தெரியும். அவள் காதலைத் தேர்ந்தெடுத்தாள்.

அன்று மாலையே கேசவனிடம் காதல் என்றே சொன்னாள். அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதுபோலத்தான் இருந்தது. "அதானே பார்த்தேன். என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

தர்ஷனாவின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தார்கள். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் போடவில்லை. "நல்லதுதான். அதுலதான் அவங்க வர்றாங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். 'அவங்க' யார் என்று இரஞ்சிதம் கேட்கவில்லை.

மறுநாள் டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியா முழுக்க விடுமுறை நாள் கூட்டம். நடைபாதையில் தோள் இடிக்காமல் போக முடியாது. கடையில் வாடிக்கையாளர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். ஸைஃப் மேல்தட்டிலிருந்து துணிச் சுருளை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் தகப்பனார் நூர்தீன், வெள்ளைத் தொப்பி போட்டவர், முழக்கோலோடு நிமிர்ந்து, "வாங்கம்மா, என்ன பார்க்குறீங்க?" என்றார்.

"உங்க மகனைத்தான் பார்க்க வந்தேன். என் பொண்ணைக் கெடுத்துக்கிட்டு இருக்கான். படிக்கிற பிள்ளை படிப்பைவிட்டுப் பைத்தியம் மாதிரி உக்காந்திருக்கா. இவன் வீட்டுக்கே வந்து நிக்கிறான். இன்னொரு தடவை வந்தா போலீசுக்குப் போவேன்."

நூர்தீன் மகனைப் பார்த்தார். "வீட்டுக்குப் போனியா?"

"போனேன் வாப்பா. ஆனா அவளுக்கு உடம்பு சரி…"

அறை விழுந்தது. அத்தனை பேர் முன்னால், முழக்கோல் பிடித்திருந்த கையாலேயே. பையன் கன்னத்தைத் தொடவில்லை. இரஞ்சிதத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் கெஞ்சினான். "ஆண்டி, என்னை என்ன வேணா சொல்லுங்க லா. டாக்டர்கிட்ட மட்டும் காட்டுங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஜெயித்தவள்போலத் தலை நிமிர்ந்து நடந்து ரயில் ஏறினாள். வழியில் சிராங்கூன் சாலைக் காளி கோயிலில் மகள் பெயருக்கு அர்ச்சனையும் செய்தாள்.

அதன் பிறகு பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தை விவரமாகச் சொல்ல அவளுக்கே இன்றுவரை நா எழுவதில்லை. பல்கலைக்கழகத்தில் விடுப்பு எழுதிக்கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினாள். கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். தர்ஷனா கட்ட விட்டாள். எதையும் செய்ய விட்டாள். மணிக்கணக்காகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கேசவன் இரண்டு முறை, "ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றார். இரண்டு முறையும் அவள், "ஸ்ட்ரெஸ்தான். டாக்டர்கிட்ட போனா ரெக்கார்ட்ல ஏறிடும். நாளைக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது" என்றாள். அவர் அடங்கினார்.

ஒருநாள் காலை, இரஞ்சிதம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, தர்ஷனா தானாக வந்து சமையலறை வாசலில் நின்றாள். மாதக்கணக்கில் அப்படி வந்ததில்லை.

"அம்மா, அவங்களை நிறுத்தச் சொல்லுங்களேன்."

"யாரை?"

"ரெண்டு பேரு. ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. நான் என்ன செஞ்சாலும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. இப்ப எழுந்திருக்குறா, இப்ப கதவைத் திறக்குறா, இப்ப அம்மாகிட்ட சொல்லப் போறா, சொன்னா அம்மா நம்ப மாட்டா. டயர்டா இருக்கும்மா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நிறுத்தச் சொல்லுங்க."

மகள் உதவி கேட்டு வந்து நின்ற நேரம் அது ஒன்றுதான். கத்தியைக் கீழே வைத்து, கையைப் பிடித்து, ஒரு டாக்ஸியைக் கூப்பிட்டிருக்கலாம். இரஞ்சிதம் வானொலியை எட்டிப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவைத்தாள். "பாட்டுக் கேளு. எல்லாம் சரியாயிடும்."

தர்ஷனா தலையைச் சாய்த்து, "அம்மா நம்பலைன்னு சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரியில், ஒரு புதன்கிழமை காலை, அவள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, செருப்பில்லாமல் கிளமெண்டியில் இருக்கும் பல்கலைக்கழகம் வரை போனாள். அங்கே தன் விரிவுரையாளர் ஒருவரின் அறைக் கதவைத் தட்டி, தன்னைப் பற்றி ஒலிபரப்புவதை நிறுத்தும்படி கேட்டாள். முதலில் மரியாதையாகத்தான் கேட்டாளாம். அவருக்கு ஒன்றும் புரியாததைப் பார்த்து அலறத் தொடங்கினாள். நாற்காலியால் கதவுக் கண்ணாடியை உடைத்தாள். காவலாளிகள் வந்தார்கள், போலீஸ் வந்தது. இளம் பெண் போலீஸ் ஒருத்தி தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை, ரத்தம் வந்த கையைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

மனநல மருத்துவமனையில் டாக்டர் ஓர் இளைஞர், கண்ணாடி போட்ட சீனர். நிதானமாக விசாரித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். "கொஞ்ச நாளாத்தான்" என்றாள் இரஞ்சிதம். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருக்கிறதா என்று கேட்டார். கேசவன் தன் பக்கம் யாருமில்லை என்றார். டாக்டர் இவள் பக்கம் திரும்பினார்.

"இல்லை" என்றாள் இரஞ்சிதம்.

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி, போதைப் பழக்கம் ஏதும் உண்டா. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, ஆனாலும் முன்பு எப்போதாவது, நண்பர்களோடு? வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் அது கேசவனைப் பிடித்துக்கொண்டது. வெளியே வந்து மருத்துவமனை உணவகத்தில் உட்கார்ந்ததும் மேசையைத் தட்டினார்.

"அவன்தான். அந்தத் துணிக்கடைப் பையன்தான் ஏதோ கொடுத்திருக்கான். நம்ம ரெண்டு குடும்பத்துலயும் இல்லாத வியாதி பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? இப்பவே நார்கோட்டிக்ஸ் போலீசுக்கு போன் பண்றேன். அவன் வாழ்க்கையை ஒரு கை பார்க்கிறேன்."

கைப்பேசியில் எண்ணைத் தேடத் தொடங்கினார். போதைப்பொருள் சட்டம் கடுமையான இந்த ஊரில் அந்தப் புகார் என்ன செய்யும் என்று இரஞ்சிதத்துக்குத் தெரியும். பையனைக் கூட்டிப்போவார்கள், துருவுவார்கள், ஒன்றும் கிடைக்காது. ஆனால் அவன் படிப்பு கெடும், பெயர் சந்தி சிரிக்கும். அவள் சும்மா இருந்தால் போதும். மெல்பர்ன் மெல்பர்னாகவே இருக்கும். சும்மா இருக்கத்தான் பார்த்தாள். தேநீரை ஒரு வாய் குடித்தாள். அது இறங்கவில்லை.

"வேணாம். பண்ணாதீங்க."

"ஏன்?"

"அண்ணா மெல்பர்ன்ல இல்ல."

கேசவனுக்கு விளங்கவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குவீன்ஸ்டவுன், ஆம்புலன்ஸ், அப்பா, பல் வலி. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அக்கம்பக்கத்து மேசைகளில் ஆட்கள் எழுந்து போனார்கள், புது ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

கேசவன் சம்பந்தமில்லாததுபோல ஒன்று சொன்னார்.

"நான் கம்பெனி வேலையா ரெண்டு தடவை மெல்பர்ன் போனேன். உன் அண்ணனைப் பார்க்கணும், அட்ரஸ் கொடுன்னு கேட்டேன். வீடு மாத்திட்டாருன்னு சொன்ன. ரெண்டாவது தடவை அவருக்கு நான் ஒரு டை வாங்கிட்டுப் போனேன், எப்படியாவது கண்டுபிடிச்சுக் கொடுக்கலாம்னு." கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "இருபத்தஞ்சு வருஷம், இரஞ்சிதம். எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்தப் பையன் வந்த அன்னைக்கே கூட்டிட்டு ஓடியிருப்பேன்."

எழுந்து டாக்டரிடம் போனார். அவளைக் கூப்பிடவில்லை. அவளே பின்னால் போனாள்.

டாக்டர் கோபப்படவில்லை. எழுதியதை அடித்துத் திருத்தி எழுதினார். குடும்பத்தில் இருந்ததால் எல்லாருக்கும் வந்துதான் தீரும் என்பதில்லை, யாருடைய குற்றமும் இல்லை என்றார். அறிகுறி தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் நடுவில் எவ்வளவு காலம் என்று மறுபடி கேட்டார். கேசவன், "ஒரு வருஷம்" என்றார். சீக்கிரம் வருகிறவர்களுக்குத் தேறுவது பொதுவாகச் சுலபமாக இருக்கும், இனிமேலும் தேறலாம், நேரம் பிடிக்கும் என்றார் டாக்டர். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

மூன்றாவது மருந்துதான் தர்ஷனாவுக்கு ஒத்துவந்தது. குரல்கள் ஒரேயடியாகப் போகவில்லை; பக்கத்து அறைக்குப் போன மாதிரி இருக்கிறது என்றாள். உடம்பு பெருத்தது. கை லேசாக நடுங்கியது. ஒரு பக்கத்தைப் படிக்க அரைமணி நேரம் ஆயிற்று. டிபேட்டில் யாரும் எதிரே நிற்க முடியாத பெண் வாக்கியங்களைத் தேடித் தேடிப் பேசினாள். ஆனால் பேசினாள், தெளிவாக.

கேசவன்தான் அவளிடம் மாமனைப் பற்றிச் சொன்னார். அன்று மாலை அவள் தாயைக் கூப்பிட்டாள்.

"மாமா பேரு என்ன?"

"தில்லைநாதன்."

"அவருக்கு என்ன கேக்கும்? எனக்கு மாதிரி ரெண்டு பேரா?"

இரஞ்சிதம் யோசித்தாள். "தெரியாது தர்ஷி. யாரும் கேக்கல."

"நீங்களுமா?"

"நானுந்தான்."

"என்கிட்டயும் நீங்க கேக்கல. நான் பைத்தியம்னு நினைச்சு நீங்க பயந்தீங்கன்னு இத்தனை நாள் நினைச்சேன். அதுகூடப் பரவால்ல. தெரிஞ்சுகிட்டே ரேடியோ போட்டீங்க." அழவில்லை. மருந்து அழ விடவில்லை. "அம்மா, என்னைக் காதல்னு சொல்லி நீங்க அடிச்சிருந்தாகூட மன்னிச்சுடுவேன். இதை எப்படி மன்னிக்கிறதுன்னு தெரியல. ட்ரை பண்றேன்."

மார்ச் மாதம் இரஞ்சிதம் மறுபடி டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் போனாள். நூர்தீன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். இந்த முறை 'வாங்க' என்று சொல்லவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள்: மகளுக்கு நோய், உங்கள் மகன் உண்மையைத்தான் சொன்னான், நான்தான் தப்பு.

அவர் துணியை மடித்துக்கொண்டே கேட்டார். "அவன் இங்க இல்லம்மா. அந்த மாசமே ரூம் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பெருநாளைக்கு வருவான், சாப்பிடுவான், போயிடுவான். ஒருத்தருக்கு நல்லது சொல்லப் போன பிள்ளையை ஆறு பேரு முன்னால அடிச்சேன்." மடித்த துணியை மறுபடி பிரித்தார். "மன்னிப்பை அவன்கிட்ட கேளுங்க. நானே இன்னும் கேக்கல."

ஸைஃபின் எண்ணை அவர் தரவில்லை. அது தேவைப்படவும் இல்லை. அவன் செவ்வாய்க்கிழமைதோறும் தர்ஷனாவைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தான் என்பதும், அவள் வீடு திரும்பிய பிறகும் கீழ்த்தளத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கேசவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. மாடிக்கு வரச் சொன்னால் வரமாட்டானாம். இரஞ்சிதம் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டபோது எழுந்து நின்றான். "பரவால்ல ஆண்டி" என்றான். பரவாயில்லை என்கிறவர்கள் உட்காரச் சொல்வார்கள். அவன் அவள் போகும்வரை நின்றுகொண்டே இருந்தான்.

ஜூன் மாதம், வெளிநோயாளர் பிரிவு. மருத்துவர் அறைக்கு எண் வந்ததும் இரஞ்சிதம் எழுந்தாள். தர்ஷனா அவள் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள்.

"நான் தனியாப் போறேன்மா. இனிமே தனியாத்தான்." கடுமையாகச் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ்க் குடும்பம். பதினேழு வயதுப் பையன் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான். தாய் கணவனின் காதோரம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எக்ஸாம் ஸ்ட்ரெஸ்னு மட்டும் சொல்லுங்க. உங்க சித்தப்பா விஷயத்தையெல்லாம் உளறி வைக்காதீங்க."

இரஞ்சிதம் திரும்பினாள். நாற்பத்திரண்டு வருடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எங்க அண்ணனுக்கு இருந்துச்சு. நான் மறைச்சேன். இப்ப என் பொண்ணு உள்ள இருக்கா. எல்லாத்தையும் சொல்லிடுங்க."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு, மகனின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.